பிரெஞ்சுக் கொடி இறங்காத ஞாயிற்றுக்கிழமை

நான் வேலை பார்த்த கவுன்சிலில், லண்டன் உள்ளூராட்சி மன்றம் ஒன்றில், பொது நிகழ்ச்சிகளுக்கு இப்போது ஒரு கணினிதான் அனுமதி வழங்குகிறது. விண்ணப்பதாரர் கேள்விகளுக்கு விடை தட்டுகிறார். கணினி தன் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்போ பச்சையோ காட்டுகிறது. அதற்குப் பழைய விதிகளை ஊட்டும் பொறுப்பில் இருக்கும் ஃபுன்மி என்ற அலுவலர் போன மாதம் எனக்குத் தொலைபேசினார். எல்லா விதிகளையும் கணினி விழுங்கிவிட்டதாம். ஒன்றை மட்டும் துப்பிவிட்டதாம்.

"நிகழ்ச்சியில் கொடி கட்டுபவர், அது இறக்கப்படும்வரை அந்த இடத்தை விட்டு அகலக் கூடாது. கொடியை இறக்க அவருக்கு உகந்த நேரம் எது என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்திருக்க வேண்டும்."

இதற்குக் காரணம் கேட்கிறது கணினி. காரணம் சொல்லாவிட்டால் நீக்கிவிடும். விதியை எழுதியவன் நான் என்பதால் ஃபுன்மி என்னைக் கேட்டார். காரணம் இருக்கிறது, கடற்போர் என்றேன். கடற்போரா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, எழுதி அனுப்ப முடியுமா என்றார். ஓய்வுபெற்றவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

யாழ்ப்பாணத்தில் நல்ல பாடசாலையில் படித்து, லண்டனில் பொறியியல் பட்டம் பெற்றபோது, பாலங்கள் கட்டப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. பாலத்தில் நடப்பவர் தவறி விழுந்தால் யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதும் வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணியில் ஏறுவது எப்படி என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். ஏணியில் ஏறாமலே வேலையை முடிப்பது எப்படி என்று இன்னொன்று தந்தார்கள். இரண்டாவதுதான் உயர்ந்த சான்றிதழ்.

பிறகு நிகழ்ச்சிப் பாதுகாப்பு அலுவலர் ஆனேன். தென்கிழக்கு லண்டனில் எங்கள் எல்லைக்குள் ஊர்வலமோ, வாணவேடிக்கையோ, பூசணிக்காய்ப் போட்டியோ நடந்தால், என்னென்ன தவறக்கூடும் என்று முதலில் நான் கற்பனை செய்ய வேண்டும். கற்பனைக்குச் சம்பளம் தரும் வேலைகள் உலகில் குறைவு.

என் மேலதிகாரி திருமதி ப்ராட். நெட்டையான பெண்மணி. உள்ளே எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் மழைச் சட்டையைக் கழற்ற மாட்டார். கூட்டத்துக்கு வரும்போது ஒரே ஒரு பிஸ்கட்டைத் தேநீர்க் கோப்பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வருவார். நாம் எழுதிய ஆபத்து மதிப்பீட்டை எழுந்து நின்று, மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில், நமக்கே வாசித்துக் காட்டுவார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பிறகு?"

படகு கவிழ்ந்தால் உயிர்காப்பாளர் நீந்திப் போவார் என்று எழுதியிருப்பேன். பிறகு? ஆளைக் கரைக்குக் கொண்டுவருவார். பிறகு? போர்வை கொடுப்போம். பிறகு? இப்படியே போய், அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பிச் சுடுநீரில் குளித்து நலமாக உறங்குகிறார் என்பதுவரை நான் சொல்லியாக வேண்டும். திருப்தி என்றால் பிஸ்கட்டை முழுதாக வாயில் போட்டுக்கொள்வார். இல்லையென்றால் அதை இரண்டாக உடைத்துக் கோப்பையின் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அவர் வாயால் முடியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

தமிழன் என்பதால், தொடக்கத்தில் தமிழ் நிகழ்ச்சிகளை எல்லாம் என் தலையில் கட்டினார்கள். கோயில் தேர்த் திருவிழாவில் வீதியில் தேங்காய் அடிப்பதைத் திருமதி ப்ராட் "பறக்கும் சிதறல்கள்" என்று வகைப்படுத்தினார். அடிப்பவர்கள் கண்ணுக்குக் கண்ணாடிக் கவசம் போடுவது கட்டாயம் என்று நான் கோயிலுக்குப் போய்ச் சொன்னேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். கோயிலில் கொடி, தோரணம், தேர் வடம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்த தம்பிராசா அண்ணை, முன்பு வங்கியில் வேலை பார்த்தவர், நான் சொன்னதை அமைதியாகக் கேட்டார். "கவசம் போடுறதிலை பிரச்சினை இல்லைத் தம்பி. ஆனால் ஒண்டு, எங்களுக்கு உங்கடை விதி மாதிரி உங்களுக்கும் எங்கடை விதி. சரியோ?" என்றார். சரி என்றேன். அந்த ஒப்பந்தத்தின் முழு விலையும் எனக்குத் தெரிய வரப் பல ஆண்டுகள் ஆயின.

இனிக் கடற்போர்.

பாய்க்கப்பல் காலத்தில் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றும் எங்கோ ஒரு முக்கியமில்லாத முனைக்கு அப்பால் சந்தித்து, ஒரு பிற்பகல் முழுவதும் சுட்டுக்கொண்டன. இரண்டும் ஃபிரிகேட் என்ற நடுத்தர வகை. கடைசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. வரலாற்றில் இதற்கு மூன்று வாக்கியங்கள் இருக்கலாம். ஆனால் ஆங்கிலேயக் கப்பலின் தலைவர் பிறந்தது எங்கள் எல்லைக்குள், இப்போது பொரித்த கோழிக் கடை இருக்கும் கட்டடத்தின் மாடியில் என்று ஒரு நம்பிக்கை. அது போதாதா? அவர் பெயரில் ஒரு சங்கம் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்கா ஏரியில் அந்தப் போரை மறுபடி நடத்துவார்கள்.

சங்கத்தின் தலைவர் வின்டல் என்ற ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எல்லோரும் அவரைக் கொமொடோர், அதாவது கடற்படைத் தளபதி, என்றே அழைத்தார்கள். தங்கப் பொத்தான் வைத்த நீலச் சட்டை, வாள், முக்கோணத் தொப்பி. தொப்பிக்குக் கீழே மிகவும் நல்ல பற்கள்.

கப்பல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் வாடகைக்கு விடும் அன்னப் படகுகள் இருந்தன, காலால் மிதித்து ஓட்டுபவை. இரண்டு அன்னங்களை அருகருகே கட்டி, கழுத்துகளைக் கழற்றி, மேலே ஒட்டுப்பலகையால் தளம் போட்டு, பாய்மரம் நட்டால் ஒரு ஃபிரிகேட். கீழே நாலு பேர் குந்தியிருந்து மிதிப்பார்கள். பிரெஞ்சுக் கப்பலில் ஓர் அன்னத்தின் கழுத்து எவ்வளவு முயன்றும் கழலவில்லை. ஆகவே அந்தக் கப்பல் ஒவ்வோர் ஆண்டும் பின்புறத்தில் துணி போர்த்திய ஓர் அன்னத் தலையோடு போருக்குப் போனது. என் மதிப்பீட்டில், "கப்பல்கள்: இரண்டு. அன்னங்கள்: நான்கு" என்று எழுதினேன். திருமதி ப்ராட் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

பீரங்கிகள் சிறியவை, ஆனால் உண்மையான வெடிமருந்து, குண்டு மட்டும் இல்லை. ஒரு வெடிக்கு மூன்று சம்மதம் தேவை. முதலில் கப்பல் தலைவர் கையை உயர்த்த வேண்டும். அடுத்து, பீரங்கிக்காரர் தம் காதடைப்பானைத் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியாகக் கரையிலிருந்து நான் பச்சைக் கொடி காட்ட வேண்டும். காட்டுத் தாரா வாத்துகள் அருகில் வந்தால் போர்நிறுத்தம். தாராக்கள் எந்த நாட்டுக்கும் சார்பில்லாதவை, ஆனால் அவசரமும் இல்லாதவை. சில ஆண்டுகளில் போரைவிடப் போர்நிறுத்தமே நீளமாக இருந்தது.

கைகலப்புக்கு என்று வைத்திருக்கும் வாள்கள் எல்லாம் மழுங்கிய அலுமினியம். ஏதாவது கூர்மையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் நானே ஒரு தக்காளியில் தேய்த்துப் பார்ப்பேன். பாய்மரத்தில் எவரும் ஏறக் கூடாது, உயரத்தில் வேலை செய்வது பற்றிய சட்டம். தண்ணீரில் ஒரு கப்பலிலிருந்து மற்றக் கப்பலுக்குத் தாவக் கூடாது. கரையிலிருந்து புதிதாக யாராவது கப்பலுக்குப் போவதென்றால் உயிர்காப்புச் சட்டை பற்றிய முழு விளக்கமும் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்கும் சங்கத்தின் சொந்த விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு கப்பலின் கொடி இறங்கும்போது போர் முடியும். அதுவரை சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டை ஆட்டுவது, கையைத் தூக்குவது எல்லாம் வரலாற்றுக்கு ஒவ்வாதவை என்று கொமொடோர் தடைசெய்திருந்தார்.

பிரச்சினை எப்போதும் ஒன்றுதான்: பிரெஞ்சுக்காரராக இருக்க ஆள் கிடைக்காது. ஆண்டுதோறும் தோற்கும் பக்கத்துக்கு யார் வருவார்? அப்போதுதான் சிவபாலன் கிடைத்தார்.

சிவபாலன் பாரிஸில் பல ஆண்டு உணவக அடுக்களைகளில் வேலை செய்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று எங்கள் பகுதியான லூயிஷாமுக்குக் குடிவந்தவர். வீட்டிலிருந்து கேட்டரிங் நடத்தினார். ஒரு கோடையில் போருக்குப் பிறகு நடந்த சங்க விருந்துக்கு மட்டன் ரோல் கொண்டுபோன இடத்தில், இந்த மனிதரிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று கொமொடோருக்குத் தெரியவந்தது. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் உண்மையான பிரெஞ்சுக்காரர் ஒருவர் பிரெஞ்சுக் கப்பலில் ஏறுவது அதுவே முதல் தடவை.

சிவபாலன் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவர் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நற்குணத்துக்குச் சாட்சியாக, தொழில் தகுதியுள்ள ஒருவர், மூன்று ஆண்டுகளாவது அறிந்தவர், ஒப்பமிட வேண்டும். பல் வைத்தியர் தகுதியானவர். ஆகவே மூன்று கோடை தோற்றால் ஒரு கையொப்பம். இதை அவர் என்னிடம் ஒளிக்கவில்லை. "மூண்டு தரம் தோக்கிறது பெரிய விஷயமோ அண்ணை? பாரிசிலை ஒரு நாளைக்கு மூண்டு தரம் தோத்தனான்" என்றார்.

அவர் கப்பலில் மாலுமிகள் எல்லாம் அவருடைய மச்சான்மாரும் அவர்களின் நண்பர்களும். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சுக் கட்டளைகள் அடுக்களைக் கட்டளைகள் மட்டுமே. சூடான சட்டியோடு வருகிறேன், விலகு என்பதற்கு அங்கே "ஷோ தவான்" என்று கத்துவார்களாம். அதைச் சொல்லித்தான் பீரங்கியை வெடிக்கவைத்தார். சனம் மெய்சிலிர்த்தது. இதுதான் அந்தக் காலக் கடற்படையின் உண்மையான உச்சரிப்பு என்று கொமொடோர் எனக்கு விளக்கினார்.

முதல் ஆண்டு, அடுத்த கோடையில், ஒழுங்காகத் தோற்றார். இரண்டாம் ஆண்டு, சிவபாலன் தாமே கட்டிய கொடி, முதல் வெடிக்கு முன்னரே ஒரு சிறு காற்றுக்குக் கழன்று விழுந்துவிட்டது. விதிப்படி போர் முடிந்தது. மடக்குக் கதிரையை விரித்துக்கொண்டிருந்தவர்கள் விரித்தபடியே மடக்கினார்கள். கொமொடோர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு சிவபாலனிடம் ஒன்றுதான் சொன்னாராம்: அடுத்த ஆண்டு அந்தக் கொடி, தாம் அடித்து இறக்கும்வரை நிற்க வேண்டும். கையொப்பம் அதற்குப் பிறகுதான்.

சிவபாலன் பயந்துபோனார். உறுதியாகக் கொடி கட்டுவதற்கு இந்த நகரத்தில் யார் இருக்கிறார் என்று யோசித்தார். சைவர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான். நேரே கோயிலுக்குப் போய்த் தம்பிராசா அண்ணையைக் கையோடு கூட்டிவந்தார்.

கோயிலில் கொடியேற்றம் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவிழாவின் முதல் நாள் ஏற்றும் கொடி கடைசி நாள்வரை நிற்க வேண்டும். நடுவில் சரிந்தால் யாருக்கும் ஆகாது. ஆகவே கயிற்றை மரத்தோடு சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு, சூறாவளிக்கும் அசையாதபடி கட்டுவார்கள். இறக்குவதற்கும் நாள், நேரம், முறை உண்டு. தம்பிராசா அண்ணை பிரெஞ்சுக் கொடியையும் அப்படியே கட்டினார். கட்டுவதற்கு முன் தேங்காய் உடைத்தார். கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு உடைத்தார் என்பதையும் நான் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

என் மதிப்பீடு போருக்கு முன்பே திருமதி ப்ராட்டிடம் போயிருந்தது. வழக்கம்போல் நின்று வாசித்தார். பீரங்கி வெடிக்காவிட்டால்? பிறகு? அன்னம் கழன்றால்? பிறகு? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசி வரி: "பிரெஞ்சுக்காரர் சரணடைவர்." வாசித்தார். பிஸ்கட்டை முழுதாக வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் பணிக்காலத்தில் அவர் "பிறகு?" என்று கேட்காமல் விட்ட ஒரே வாக்கியம் அது. ஆங்கிலேயர் மத்தியில் வளர்ந்த எவருக்கும் அந்த வாக்கியத்துக்கு மேல் கேள்வி தோன்றாது போலும்.

மூன்றாம் ஆண்டு வெயில் நன்றாக இருந்தது. சனம் நிறைந்திருந்தது. திருமதி ப்ராட்டும் மழைச் சட்டையோடு வந்து, கரையில் என் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்தார். கையில் தேநீர்க் குடுவை, மூடியின் மேல் ஒரு பிஸ்கட். அனுமதி ஐந்து மணிவரை. நாலரைக்குப் பிரெஞ்சுக்காரர் சரணடைய வேண்டும்.

போர் அழகாகவே நடந்தது. சிவபாலன் கப்பலில் ஏறியதும் தலைசுற்றிக் குந்திவிடுவார். ஏரியில் அலை கிடையாது, ஆனால் மச்சான்மார் ஒரே வேகத்தில் மிதிப்பதும் கிடையாது. ஆகவே அவர் பக்கம் அதிகம் சுடவில்லை. கொமொடோர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சுட்டார். நாலரை ஆனதும் சிவபாலன் எழுந்து நின்று, சனத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொடிக்கயிற்றை இழுத்தார்.

கொடி அசையவில்லை.

மறுபடி இழுத்தார். இரண்டு மச்சான்மார் சேர்ந்து இழுத்தார்கள். பாய்மரம் வளைந்தது, கொடி வளையவில்லை. விதிப்படி கொமொடோர் தொடர்ந்து சுட்டார். நானும் விதிப்படி பச்சைக் கொடி காட்டிக்கொண்டே இருந்தேன். சனம் கைதட்டியது. தோற்க வேண்டியவர்கள் இவ்வளவு வீரமாகத் தோற்க மறுப்பதை அவர்கள் முன்பு கண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆங்கிலேயரின் வெடிமருந்து தீர்ந்தது. அளவைக் கட்டுப்படுத்தியவன் நான்தான். கொமொடோர் யோசித்துப் பார்த்து, பீரங்கிக்காரர்களை வாயால் "டும்" என்று கத்தச் சொன்னார். அதற்கும் பச்சைக் கொடி தேவையா என்று கரையைப் பார்த்துக் கேட்டார். சத்தம் சத்தம்தான் என்று முடிவுசெய்து காட்டினேன். ஆறு ஆங்கிலேயர், காதடைப்பானைத் தொட்டுக் காட்டிவிட்டு, "டும்" என்றார்கள்.

அறுத்தால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு கப்பல்களிலும் ஒரு தக்காளியைக்கூட வெட்டக்கூடிய பொருள் இல்லை. அவிழ்த்தால் என்ன? அந்த முடிச்சுகளைக் கட்டியவருக்குத்தான் அவிழ்க்கத் தெரியும். ஏறிக் கழற்றினால்? ஏறக் கூடாது. சிவபாலனிடம் ஒலிபெருக்கியில், அலுமினிய வாளால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். "கட்டின கொடியை வெட்டுறதோ அண்ணை? விண்ணப்பம் போடப் போற நேரத்திலை?" என்று அவர் திருப்பிக் கத்தினார்.

தம்பிராசா அண்ணை கரையில் ஒரு மரத்தின் கீழ் அமர்ந்து ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டின ஆள்தானே இறக்கவேணும்" என்றார், நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல். "நான் வாறன். படகு இருக்கே?"

"இருக்கு அண்ணை. உடனை வாங்கோ."

"உடனை ஏலாது, தம்பி. இப்ப ராகு காலம். ஆறு மணிக்குப் பிறகு."

ஞாயிற்றுக்கிழமை, நாலரையிலிருந்து ஆறு. இந்த நாட்டுச் சூரியனுக்கு வேறு கணக்கு என்று பஞ்சாங்கம் தெரிந்தவர்கள் வாதிடுவார்கள். தம்பிராசா அண்ணையின் தலைமுறைக்கு நாலரை என்றால் நாலரைதான், அது எந்த நாட்டு மணிக்கூடாக இருந்தாலும். ஐந்து மணிக்கு அனுமதி முடிகிறதே என்றேன். நான் கவசம் போட்டனான் அல்லவா என்றார்.

திரும்பி வந்தபோது திருமதி ப்ராட் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலைமையைச் சொன்னேன்: கொடி ஆறு மணிவரை இறங்காது.

"பிறகு?"

ஐந்து மணிக்கு நான் விசில் ஊதி நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும்.

"பிறகு?"

நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி ஒரு சம்பவம் ஆகும். வெடிமருந்து சம்பந்தப்பட்டதால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். காரணமான கப்பலின் தலைவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

"பிறகு?"

ஓர் ஏரியில், வெடிமருந்தோடு, சரணடைய மறுத்தவர் என்று பொலிசில் பெயர் பதியப்பட்ட சிவபாலன், அதற்குப் பிறகு தமக்கு நற்குணம் உண்டு என்று குடியுரிமைக்கு விண்ணப்பிப்பார். கொமொடோரும் இதற்குள் தம் கப்பலின் முனையில் நின்று, தோற்றதைத் தோற்றதாக ஒப்புக்கொள்ளத் தெரியாத மனிதனின் குணத்துக்குத் தாம் எப்படிச் சாட்சி சொல்வது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இவற்றை நான் திருமதி ப்ராட்டிடம் சொன்னேன்.

அவர் பிஸ்கட்டைக் கையில் எடுத்தார். உடைக்கவில்லை. "பிறகு?" என்றார் மறுபடியும், இந்த முறை மெதுவாக.

நான் ஏரியைப் பார்த்தேன். இரண்டு கப்பல்கள். இரண்டு கொடிகள். ஒன்று இறங்காது. சங்கத்தின் விதி என்ன சொல்கிறது? ஒரு கப்பலின் கொடி இறங்கும்போது போர் முடியும். எந்தக் கப்பலின் கொடி என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இதைச் சொன்னதும் திருமதி ப்ராட் பிஸ்கட்டை முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

மீட்புப் படகில் ஏறி ஆங்கிலேயக் கப்பலின் பக்கம் போனேன். கொமொடோரிடம் மரியாதையாகச் சொன்னேன்: ஐயா, ஐந்து மணிக்கு முன் ஒரு கொடி இறங்க வேண்டும், இறங்கக்கூடிய கொடி உங்களுடையது மட்டும்தான். அவர் முகம் சிவந்தது. அந்தக் கப்பல் தன் கொடியை ஒருபோதும் இறக்கியதில்லை என்றார். உண்மைதான், அந்தக் கப்பலை யாரும் காலால் மிதித்ததும் இல்லை என்றேன். இதற்காகவா தாம் இத்தனை ஆண்டு உழைத்தது என்றார். ஒரு நிமிடம்தான், நீங்கள் உங்கள் நோயாளிகளுக்குச் சொல்வது போல என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. வாளின் பிடியில் கை வைத்தார். மழுங்கிய வாள், நானே தேய்த்துப் பார்த்தது. ஆகவே அசையாமல் இருந்தேன்.

என்ன நடக்கிறது என்று சிவபாலனுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்னத் தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலால் கத்தினார்:

"அண்ணை, என்னை வெல்ல விடாதேங்கோ. வெண்டால் என்ரை சிற்றிசன்ஷிப் போச்சு. அவரைச் சுடச் சொல்லுங்கோ, வேணுமெண்டால் நான் தண்ணிக்குள்ளை குதிக்கிறன்."

குதிக்கக் கூடாது என்று முதலில் தமிழில் சொன்னேன். அது நடைமுறை. கொமொடோர் என்னிடம், அந்த மனிதன் என்ன சொல்கிறான் என்றார்.

"இப்படி வெல்வதற்கு அவருக்கு மனம் ஒப்பவில்லையாம்" என்றேன். "இன்னும் நீங்கள்தான் வெல்ல வேண்டும் என்கிறார். தேவையானால் உயிரையும் பணயம் வைப்பாராம்."

மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. கொமொடோர் சிவபாலனை நீண்ட நேரம் பார்த்தார். அன்னத் தலையைக் கட்டிப்பிடித்தபடி, முகம் வெளிறி, கண் கலங்கி நிற்கும் ஒரு பிரெஞ்சுத் தலைவன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார் கொமொடோர். இப்படிப்பட்ட எதிரியிடம் சரணடைவதில் அவமானம் இல்லை என்றார். தாமே போய்க் கயிற்றை அவிழ்த்தார். ஆங்கிலேயக் கொடி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

கரையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு, கோழிக் கடைக்காரர் முதலில் கைதட்டினார்.

தோற்றவர் தம் வாளை வென்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். கப்பல் விட்டுக் கப்பல் போகக் கூடாது என்பதால் இதைக் கரையில் செய்தார்கள். கொமொடோர் நேராக நின்று, வாளை இரு கைகளிலும் ஏந்தி நீட்டினார். சிவபாலனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் அந்தப் பக்கத்து நடைமுறை தெரியாது, எங்கள் மதிப்பீட்டில் பிரெஞ்சுக்காரர் வெல்வதாக இல்லை. ஆகவே அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். வாளை வாங்கினார். இடுப்பில் செருகியிருந்த துணியால் ஒரு தரம் துடைத்தார். அலகைத் தாம் பிடித்துக்கொண்டு, பிடியை முன்னால் நீட்டி, சற்றே குனிந்து, கொமொடோரிடமே திருப்பிக் கொடுத்தார். பாரிஸ் அடுக்களையில் பெரிய சமையற்காரருக்குக் கத்தி கொடுப்பது அப்படித்தானாம். முதல் நாளே கற்பிப்பார்களாம்.

கொமொடோர் வாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வீரமாகப் போரிட்டுத் தோற்றவனுக்கு வாளைத் திருப்பிக் கொடுப்பது பழைய காலத்து உயர்ந்த மரியாதை, இப்போது யாருக்கும் அது தெரியாது என்று திருமதி ப்ராட்டிடம் சொன்னார். அங்கேயே என்னிடம் பேனா கேட்டார். சிவபாலன் மூன்று ஆண்டுகளாகப் பையில் கொண்டு திரிந்த விண்ணப்பக் கடதாசியில், பீரங்கியை மேசையாக வைத்துக் கையொப்பமிட்டார். பீரங்கி ஆறிவிட்டதா என்று நான் முதலில் தொட்டுப் பார்த்தேன்.

ஆறு மணிக்குப் பூங்கா காலியாகியிருந்தது. தம்பிராசா அண்ணைக்கு உயிர்காப்புச் சட்டை பற்றிய முழு விளக்கத்தையும் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு சந்தேகம் கேட்டார், இரண்டும் நல்ல சந்தேகங்கள். கப்பலுக்குப் போய், பையிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்து ஆட்டி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பிரெஞ்சுக் கொடியை மடியில் வாங்கினார். எங்களுக்குக் கற்கண்டு தந்தார். அனுமதி நேரம் முடிந்துவிட்டதால் இது நிகழ்ச்சி அல்ல. ஆகவே இதற்கு மதிப்பீடு தேவைப்படவில்லை. திருமதி ப்ராட்டும் ஒரு கற்கண்டு எடுத்தார். கடிக்கவில்லை. முழுதாகவே போட்டுக்கொண்டார்.

கணினி துப்பிய விதியை அடுத்த நாள் காலை எழுதினேன். ஃபுன்மிக்கு நான் சொல்வது இதுதான்: நீக்க வேண்டாம். அன்று விதிகள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தன. கடற்படையின் விதி, கோயிலின் விதி, கவுன்சிலின் விதி மூன்றும் ஒரே ஏரியில் சந்திக்கும் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை. கணினியும் நினைக்காது.

சிவபாலனின் குடியுரிமை வைபவம் எங்கள் நகர மண்டபத்திலேயே நடந்தது. என்னையும் தம்பிராசா அண்ணையையும் அழைத்திருந்தார். கொமொடோர் முழுச் சீருடையில் வந்தார். வாளை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது மழுங்கியது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. நடைமுறை, நானே பயிற்றுவித்த ஆட்கள். சிவபாலன் புதுக் கோட்டில் உறுதிமொழி சொன்னார். தேசிய கீதம் முடிந்ததும் படம் எடுக்க எல்லோரும் பிரித்தானியக் கொடி கட்டிய கம்பத்தின் பக்கம் போய் நின்றோம்.

தம்பிராசா அண்ணை கமராவைப் பார்க்கவில்லை, கம்பத்தைப் பார்த்தார். கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, உச்சுக் கொட்டினார்.

"ஆர் கட்டினது இது? ஒரு தும்மலுக்கு விழுந்திடும். ஒரு நிமிசம் பொறுங்கோ, நான் நல்லாக் கட்டிவிடுறன்."

புதிய பிரித்தானியர் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அண்ணை, விடுங்கோ. நான் இப்ப இந்தப் பக்கம். இறக்கவேண்டி வந்தால் இறக்க ஏலவேணும்."